டான்ஸ் பேடைக் கணினியில் மாட்டும் முன்: இடமும் வலமும் சேர்ந்து அமுங்குகிறதா?

டான்ஸ் பேடு என்றால் திரையில் வரும் அம்புகளைத் தாளத்தோடு காலால் மிதித்து ஆடும் பலகை. அதில் மடித்து அலமாரியில் வைக்கிற பிளாஸ்டிக் விரிப்பு ஒரு ரகம். இங்கே பேச்சு மற்ற ரகத்தைப் பற்றி: இரும்புச் சட்டம், தடித்த பிளைவுட் அடிப்பலகை, மேலே பாலிகார்பனேட் தகடு, ஷூ போட்டுக்கொண்டு குதித்தாலும் இடம் நகராத கனம். திறந்து பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். உள்ளே இருப்பது அம்புக்கு ஒன்றாக நாலே நாலு சுவிட்ச். ‘பம்ப் இட் அப்’ என்ற நடன விளையாட்டின் பாணி என்றால் ஐந்து. மிதித்தால் இரண்டு உலோகத் தகடுகள் தொடும், காலை எடுத்தால் பிரியும். இதைக் கணினியில் மாட்ட ஒரு சாயங்காலம் போதாதா என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு ஆறு வாரச் சனி ஞாயிறும், மூன்று அடாப்டரும், உதவாத போர்டு ஒன்றும் போயின. யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி மிச்சம். அந்தக் கடுப்பில்தான் எழுதுகிறேன். என் புராணத்தை விட்டுவிட்டு, எந்த இடத்தில் எது கெடும், ஏன் கெடும் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

பழைய பேடுகள் பலவற்றில் பிளேஸ்டேஷன் பிளக் இருக்கும். பிளேஸ்டேஷனிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் சின்ன அடாப்டர் எங்கும் கிடைக்கும். மாட்டினால் கணினி அடையாளம் கண்டுகொள்ளும், ஒவ்வொரு அம்பாக மிதித்தால் ஒவ்வொன்றும் வேலை செய்யும். அப்பாடா என்று ஸ்டெப்மேனியா என்ற கணினி நடன விளையாட்டைத் திறந்து பாட்டு போடுவோம். ஒற்றைக் கால் ஸ்டெப் எல்லாம் சரியாக விழும். இடமும் வலமும் சேர்த்துக் குதிக்க வேண்டிய இடம் வந்ததும் இரண்டுமே மிஸ். மேலும் கீழும் சேர்ந்து வந்தாலும் அதே கதை. உடனே பேடில்தான் கோளாறு என்று பேனலை, அதாவது அம்பு போட்ட மிதிபலகையை, கழற்ற ஆரம்பிப்போம். கழற்றாதீர்கள். பேடில் ஒன்றுமில்லை, கோளாறு அந்த அடாப்டரில்.

சாதாரண கேம்பேடில் திசை பட்டன் சிலுவை வடிவில் ஒரே துண்டாக இருக்கும். இடப்பக்கம் அமுக்கினால் வலப்பக்கம் எழும்பிக்கொள்ளும், இரண்டையும் ஒன்றாக அமுக்கவே முடியாது. அடாப்டர் செய்தவர்கள் அதை நம்பி, இடத்தையும் வலத்தையும் ஒரே அச்சின் இரண்டு முனைகளாகக் கணினிக்கு அனுப்புகிறார்கள். இரண்டும் ஒன்றாக அமுங்கினால் அச்சு நடுவில் நிற்கும். நடுவில் நின்றால் எதுவும் அமுங்கவில்லை என்று அர்த்தம். சில அடாப்டர்கள் அச்சுக்குப் பதிலாக ஹேட் சுவிட்ச் என்ற வகையில் அனுப்பும். அதில் எட்டுத் திசை உண்டு, ‘இடம் வலம் இரண்டும்’ என்று ஒரு திசை கிடையாது. அதாவது, அடாப்டரை விட்டு வெளியே வரும்போதே அந்தத் தகவல் செத்துவிட்டது. விளையாட்டில் எந்த அமைப்பை மாற்றினாலும் அது திரும்பி வராது. இது தெரியாமல்தான் மூன்று அடாப்டர் வாங்கினேன். மூன்றும் ஒரே ரகம், பெட்டி மட்டும் வேறு வேறு.

சோதிக்க இரண்டு நிமிடம் போதும். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பண்புகளுக்குப் போங்கள். பேடின் முன் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் இடது வலது பேனல் மேல் வைத்து உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். எண் போட்ட வட்டங்களில் இரண்டு எரிந்தால் நல்ல அடாப்டர். சதுரத்துக்குள் இருக்கும் சிலுவைக்குறி ஒரு கையை எடுத்ததும் ஓரத்துக்கு ஓடி, இரண்டு கையும் வைத்ததும் நடுவில் வந்து நின்றால் அது ஆகாது. லினக்ஸில் ‘ஜேஎஸ்டெஸ்ட்’ கட்டளை இதையே காட்டும். எக்ஸ்பாக்ஸ் வகைப் பேடு என்றால் லினக்ஸில் ஒரு வசதி உண்டு. ‘எக்ஸ்பேட்’ என்ற கர்னல் டிரைவர் தனக்குத் தெரிந்த டான்ஸ் பேடுகளுக்குத் திசைகளைத் தானாகவே பட்டனாக மாற்றிக் கொடுக்கும், தெரியாத பேடு என்றால் அதற்கென்று இருக்கும் அமைப்பை நாமே போட்டுவிடலாம். முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸ் பேடின் பிளக் பார்க்க விசித்திரமாக இருந்தாலும் உள்ளே ஓடுவது யூஎஸ்பிதான். நாலு ஒயர் யூஎஸ்பிக்கு உரியது, கூடுதலாக இருக்கும் மஞ்சள் ஒயர் தேவையில்லை.

அடாப்டர் வேட்டையில் அலுத்துப்போனால், நியாயமான வழி அதை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு சுவிட்சுகளை நேராக ஒரு யூஎஸ்பி போர்டில் கொடுப்பது. இதில் இரண்டு பாதை. நிரல் எழுதப் பிடிக்காதவர்கள் ஆர்கேட் பட்டன்களுக்கென்று விற்கும் ‘ஜீரோ டிலே’ வகை என்கோடர் போர்டு (சுவிட்ச் அமுங்குவதை யூஎஸ்பி வழியே கணினிக்குச் சொல்லும் போர்டு) வாங்கலாம். சால்டரிங்கே தேவைப்படாது, ஒயரைச் செருகினால் போதும். ஆனால் அதிலும் அதே பொறி காத்திருக்கிறது. ஜாய்ஸ்டிக் என்று குறித்த இடத்தில் நாலு திசைகளையும் செருகினால் மறுபடி அச்சாகத்தான் போகும். அம்புகளை பட்டனுக்கான இடங்களில் செருகுங்கள், ஜாய்ஸ்டிக் இடத்தைக் காலியாக விடுங்கள். பெயரில்தான் ஜீரோ டிலே. இவற்றில் பல 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் கணினியிடம் பேசும். வீட்டில் பொழுதுபோக்காக ஆடுபவருக்கு அது தெரியவே தெரியாது.

இரண்டாவது பாதை ஆர்டுயினோ, அதாவது நாமே நிரல் எழுதி ஏற்றும் சின்ன போர்டு. நான் வாங்கியது அதில் ஊனோ என்ற ரகம். எல்லாரும் முதலில் வாங்குவது அதைத்தான், எல்லாப் பாடமும் அதை வைத்துத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஊனோவின் மூளையான ஏடிமெகா328பிக்கு யூஎஸ்பி தெரியாது. பக்கத்தில் இன்னொரு சிப் உட்கார்ந்து சீரியல் போர்ட்டாகப் பேசிக்கொடுக்கும், அவ்வளவுதான். கணினி அதைக் கீபோர்டாகவோ கேம்பேடாகவோ பார்க்காது. சுற்றி வளைத்து மாற்ற வழி உண்டு, ஆனால் அந்த நேரத்துக்குச் சரியான போர்டையே வாங்கிவிடலாம். தேவை ஏடிமெகா32யூ4 சிப் உள்ள போர்டு: லியோனார்டோ, ப்ரோ மைக்ரோ, டீன்சி 2.0. இவை யூஎஸ்பியை நேரடியாகப் பேசும். ப்ரோ மைக்ரோ மலிவு, கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதன் மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட் மட்டும் நோஞ்சான். கேபிளில் யாராவது கால் தடுக்கினால் போர்டிலிருந்து பிய்ந்து கையோடு வந்துவிடும். பெட்டிக்குள் வைக்கும் முன் சாக்கெட்டைச் சுற்றி எபாக்சி பூசி, கேபிளை டையால் சட்டத்தோடு கட்டிவிடுங்கள்.

ஒயர்களைக் கண்டுபிடிக்க மல்ட்டிமீட்டரை பீப் சத்தம் வரும் கன்டினியூட்டி நிலையில் வையுங்கள். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பேடில் விளக்குகள் இருந்தால் அவை பெரும்பாலும் 12 வோல்ட்டில் எரியும். அந்த ஒயர் தெரியாமல் போர்டின் பின்னில் பட்டால் போர்டு அந்த நொடியே போய்விடும், கணினியின் போர்ட்டுக்கும் ஆபத்து. விளக்கு ஒயர்களை முதலில் பிரித்து டேப் சுற்றி ஓரம் கட்டுங்கள். பிறகு கனெக்டரில் ஒரு பின்னில் ஒரு முனையை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டபடி, உதவிக்கு ஒருவரை ஒரு பேனலில் நிற்கச் சொல்லுங்கள். எந்த அம்பை மிதித்தாலும் எந்தப் பின் சம்பந்தப்படுகிறதோ அதுதான் பொதுவான கிரவுண்ட். மீதி தானாகப் பிரிந்துவிடும். பெரிய பேடுகளில் வருகிற 15 பின் டி வகைக் கனெக்டரில் எல்லாரும் ஒருமுறையாவது தவறுவார்கள். ஆண் பிளக்கை முன்னாலிருந்து பார்க்கும் எண் வரிசையும் பெண் சாக்கெட்டை முன்னாலிருந்து பார்க்கும் வரிசையும் கண்ணாடி பிம்பம்போல இடவலம் மாறியிருக்கும். எண்களை நம்பாமல் ஒயரின் நிறத்தை எழுதி வையுங்கள். மிதித்தபடியே ஓம் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு ஓமுக்குள் நிலையாக நின்றால் தகடு சுத்தம். எண் தாவிக்கொண்டே இருந்தால் அந்தப் பேனலைப் பிறகு கவனிக்க வேண்டும்.

இணைப்பு எளிது. கிரவுண்ட் ஒயர் போர்டின் கிரவுண்டுக்கு, நாலு அம்பும் நாலு டிஜிட்டல் பின்னுக்கு. நிரலில் அந்தப் பின்களை ‘இன்புட் புல்லப்’ என்று அறிவித்தால், பின்னை மேல்நிலைக்கு இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர் சிப்புக்குள்ளேயே இணைந்துவிடும்: மிதிக்காதபோது மேல்நிலை, மிதித்தால் கீழ்நிலை. தனி ரெசிஸ்டர் வேண்டாம் என்பார்கள். மேசையில் வைத்துப் பார்க்கும்போது வேண்டாம்தான். சிப்புக்குள் இருக்கும் புல்லப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை, ரொம்ப பலவீனம். இரண்டு மூன்று மீட்டர் ஒயர் வந்தவுடன் அது ஆன்டெனாவாகிவிடும், பக்கத்து ஒயரின் துடிப்பை வாங்கிக்கொண்டு மிதிக்காத அம்பும் அடிக்கும். ஒவ்வொரு பின்னிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு ஒரு 2.2 அல்லது 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் அடங்கிவிடும். போர்டு பேடுக்குள்ளேயே உட்கார்ந்தால் ஒயர் குட்டையாகிப் பாதிப் பிரச்சினை வராமலே போகும். நீள ஒயர்தான் வேண்டுமென்றால் நெட்வொர்க் கேபிள் நல்ல தேர்வு. நாலு ஜோடி முறுக்கு, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்புக்கு, ஒன்று கிரவுண்டுக்கு. உள்ளே மெல்லிய கம்பிகள் திரித்த வகையாகப் பார்த்து வாங்குங்கள், ஒற்றைக் கம்பி வகை நாலு முறை மடங்கினால் உள்ளேயே முறிந்துவிடும். யூஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் போக வேண்டாம், 3 மீட்டர் உத்தமம்.

நிரலில் யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: துள்ளல். உலோகத் தகடு தொடும்போது ஒரே தடவையில் ஒட்டிக்கொள்ளாது, சில மில்லிசெகண்டுகளுக்குத் தொட்டுத் தொட்டுப் பிரியும். அதை அப்படியே அனுப்பினால் ஒரு மிதி இரண்டு மூன்றாக விழும். பாடங்களில் சொல்லித் தரும் வழி, மாற்றம் தெரிந்ததும் காத்திருந்து, நிலைத்த பிறகு அனுப்புவது. பட்டனுக்கு அது சரி, தாள விளையாட்டுக்குச் சரியில்லை, ஒவ்வொரு மிதியும் அந்த அளவு தாமதமாகும். தலைகீழாகச் செய்யுங்கள். தொட்ட முதல் கணமே ‘அமுங்கியது’ என்று அனுப்பிவிட்டு, அடுத்த 5 முதல் 10 மில்லிசெகண்டுக்கு அந்தப் பின்னைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள். விடுபடும்போதும் அப்படியே. இதனால் தாமதமும் இல்லை, இரட்டை மிதியும் இல்லை.

கீபோர்டாக அனுப்புவதா, ஜாய்ஸ்டிக்காக அனுப்புவதா என்றால், ஒரே பேடு வைத்து முதல் முயற்சி செய்பவருக்குக் கீபோர்டு சுலபம். ஆனால் அதில் ஒரு வில்லங்கம். ஒரு பின் எங்காவது ஷார்ட் ஆகிவிட்டால் போர்டு அம்பு விசையை அமுக்கிக்கொண்டே இருக்கும். கணினி பேய் பிடித்தாற்போல் ஓடும், புது நிரல் ஏற்றக்கூட விடாது. அதனால் நிரலின் தொடக்கத்திலேயே ஒரு காவல் போடுங்கள்: குறிப்பிட்ட ஒரு பின் கிரவுண்டில் இருந்தால் எதையும் அனுப்பாதே என்று. அதையும் மறந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு, ப்ரோ மைக்ரோவில் ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் ஒரு ஒயர்த் துண்டால் வேகமாக இரண்டு முறை தொட்டால் சுமார் 8 விநாடிக்கு பூட்லோடர் (புது நிரலை வாங்கி ஏற்றிக்கொள்ளும் பகுதி) திறந்திருக்கும். அந்த இடைவெளிக்குள் அப்லோடைத் தட்ட வேண்டும். கம்பைல் ஆக நேரம் பிடிக்குமே, எனவே முதலில் அப்லோடைத் தட்டி, ஏற்றும் கட்டம் வந்ததும் ரீசெட் செய்வது புத்திசாலித்தனம். இரண்டு பேடுக்கு இரண்டு போர்டு என்றால் கீபோர்டு வழி கூடாது. இரண்டும் அதே நாலு விசையை அனுப்பும், விளையாட்டால் பிரித்தறிய முடியாது. ஆர்டுயினோவுக்கான ஜாய்ஸ்டிக் லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பு) ஏற்றி, அம்புகளைப் பட்டனாக மட்டும் அனுப்புங்கள்.

எல்லாம் சரியாக ஓடி, நடுப்பாட்டில் பேடு திடீரென்று காணாமல் போய்த் திரும்பி வந்தால் அநேகமாக அது நிலைமின்சாரம். காலுறையோடு கார்ப்பெட்டில் நடந்து உலோகச் சட்டத்தில் கால் வைக்கும்போது தெறிக்கும் பொறி, யூஎஸ்பி இணைப்பையே கவிழ்த்துவிடும். வறண்ட காற்றில் அதிகம். சட்டத்தை யூஎஸ்பி கேபிளின் மேலுறை வலையோடு இணைப்பது, ஒவ்வொரு அம்பு ஒயரிலும் பின்னுக்கு முன்னால் ஒரு 470 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடுவது, கேபிளில் மின் இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். பொறியே இல்லாமல், சும்மா இருக்கும்போது மட்டும் பேடு தூங்கிப்போனால் காரணம் வேறு. விண்டோஸின் பவர் அமைப்பில் யூஎஸ்பியைத் தற்காலிகமாக நிறுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள்.

இனி பேனல். காலை எடுக்காமல் மிதித்தே நிற்க வேண்டிய நீள அம்பைப் பிடித்து நிற்கும்போது பிடிப்பு பாதியில் அறுந்தால், தகடு முழுதாகத் தொடவில்லை அல்லது அழுக்கு. ஸ்டெப்மேனியா பிடிப்பு அறுந்ததும் உடனே தோல்வி என்று சொல்லிவிடாது, 0.25 விநாடி பொறுக்கும். அதற்கும் தப்பவில்லை என்றால் தொடர்பு மோசமாகவே இருக்கிறது. தகட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அலுமினியத் தகடு என்றால் மேலே ஆக்சைடு படலம் படிந்துகொண்டே இருக்கும், அதன்மேல் செம்புப் படல டேப் ஒட்டிவிட்டால் நிம்மதி. ஒட்டும் டேப்பின் பசை மின்சாரம் கடத்தாத வகையாக இருந்தால், மேலே செம்பு தெரிந்தும் அடியில் இணைப்பு இருக்காது, ஓரத்தில் ஒரு பொட்டு சால்டர் வைத்து ஒயரை நேராக டேப்பிலேயே இணையுங்கள். ஓங்கி மிதித்தால்தான் விழுகிறது என்றால் இடைவெளி அதிகம். கீழ்த்தகட்டின் நடுவில் டேப்பை மடித்து ஒட்டி அதன் மேல் செம்பு ஒட்டினால் அரை மில்லிமீட்டர் உயரும், அதுவே பெரிய வித்தியாசம். ஒரு அடுக்கு ஒட்டி, மாட்டி, ஆடிப் பார்த்து, பிறகு அடுத்த அடுக்கு. ஒரேயடியாக உயர்த்தினால் காலே வைக்காமல் பேனல் அமுங்கி நிற்கும். ஓரத்து ஃபோம் நாளடைவில் அமுங்கித் தட்டையாகிவிடும் என்பதால் இந்தச் சரிபார்ப்பு ஒருமுறையோடு முடியாது. ஸ்க்ரூவை இறுக்கி முடுக்க அவசரப்படாதீர்கள். மேலே அக்ரிலிக் போட்டிருந்தால் விரிசல் விடும் இடமும் அந்த ஸ்க்ரூ ஓட்டைதான். பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும்.

ஸ்டெப்மேனியா பக்கம் வேலை குறைவு. அமைப்புகளில் கீ, ஜாய்ஸ்டிக் மேப்பிங் திரையில் நாலு அம்பையும் குறித்துவிட்டு, உள்ளீட்டைச் சோதிக்கும் திரையில் ஆறு ஜோடிகளையும் மிதித்துப் பாருங்கள்: இடம்-வலம், மேல்-கீழ், மீதி நாலு. மெனுவுக்குத் தனி பட்டன்களை மட்டும் பயன்படுத்து என்ற தேர்வைப் போட்டுவிட்டால், பேடின் மேல் ஏறி நிற்கும்போதே பாட்டுப் பட்டியல் தாறுமாறாக ஓடாது. எந்த பேடு முதலாமவர் என்பது கணினியைத் திறக்கும்போது மாறிவிடும் தொல்லை இரட்டைப் பேடுகாரர்களுக்கு உண்டு. ஒரே போர்டில் எட்டு அம்பையும் கொடுத்துவிடுவது அதற்கு நிரந்தர வழி. அது முடியாதென்றால் யூஎஸ்பி போர்ட்டுகளில் ஸ்டிக்கர் ஒட்டி, எப்போதும் அதே இடத்தில் மாட்டிப் பாருங்கள்.

கடைசியாகத் தாளப் பொருத்தம். ஸ்டெப்மேனியாவின் வழக்கமான கணக்கில், மிக உயர்ந்த மதிப்பு கிடைக்க முன்னும் பின்னும் 22.5 மில்லிசெகண்டுதான் இடம், அடுத்த படிக்கு 45. 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பேசும் போர்டு அதில் கணிசமான பகுதியைத் தின்றுவிடும், அதுவும் ஒவ்வொரு மிதிக்கும் வேறு வேறு அளவில். மாறாத தாமதத்தை ஈடுகட்டலாம், மாறிக்கொண்டிருப்பதை ஈடுகட்ட முடியாது. மதிப்பெண்ணில் அக்கறை உள்ளவர்கள் 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பேசும் போர்டாகப் பார்க்க வேண்டும். 32யூ4 போர்டுகள் இதைத் தாங்கும். டிவியில் ஆடினால், படத் தாமதம் குறைய கேம் மோடை இயக்குங்கள். புளூடூத் ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள், ஒயர் ஸ்பீக்கர்தான். அதன் பிறகு, அம்புகள் தாளத்தோடு பிசகில்லாமல் பொருந்திய, நிதானமான வேகமுள்ள ஒரு பாட்டைப் போட்டு, ஆடும்போதே எஃப்6 விசையைத் தட்டி, பாட்டுக்கான பொருத்தத்தைத் தாண்டி இயந்திரத்துக்கான தானியங்கிப் பொருத்தம் என்ற நிலைக்கு வந்து, முழுப் பாட்டையும் ஆடுங்கள். முடிவில் புது அளவை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். முந்தைய அளவைத் தாளில் குறித்துக்கொண்டு சரி என்று சொல்லுங்கள். இதைக் கையில் கீபோர்டை வைத்துச் செய்து தொலைக்காதீர்கள். விரல் விழும் நேரமும் கால் விழும் நேரமும் ஒன்றல்ல, பேடில் ஏறி நின்று, வழக்கமாகப் போடும் ஷூவோடு செய்ய வேண்டும்.